தேடு, நோக்கு, நாடு: பர்மியத் தமிழர் வாழ்வில் மூன்று சொற்கள்



"தேடு" என்னும் சொல்லை இன்றைய பிள்ளைகள் பெரும்பாலும் கணினித் திரையிலேயே முதன்முதலாக எழுத்தில் காண்கின்றனர். தேடுபொறி என்று தமிழில் பெயர் பெற்ற கருவியின் சிறு பெட்டியில் ஒரு சொல்லை இட்டால், கண நேரத்தில் ஆயிரக்கணக்கான விடைகள் வந்து நிற்கின்றன. ஆகவே தேடுதல் என்பது விரலசைவில் தொடங்கி விரலசைவிலேயே முடியும் செயல் என்னும் எண்ணம் இளம் உள்ளங்களில் பதிவது இயல்பே.

ஆயின் தமிழில் இச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. "அவர் பிள்ளைகளுக்கு நன்றாகத் தேடி வைத்திருக்கிறார்" என்று ஊரார் கூறினால், அவர் தொலைந்த பொருளைத் துழாவிக்கொண்டிருந்தார் என்பது பொருளன்று. உழைத்துச் செல்வம் ஈட்டினார் என்பதே பொருள். ஈட்டிய செல்வத்திற்குத் தேட்டம் என்று பெயர். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமாகிய தேசவழமை, 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் ஆட்சியின்போது தொகுத்து எழுதப்பெற்றது. அச்சட்டம் ஒரு குடும்பத்தின் சொத்தினை மூன்றாகப் பகுக்கின்றது. முன்னோர் வழி வந்தது முதுசம். மணமாகும் மகளுக்குப் பெற்றோர் அளிப்பது சீதனம். கணவனும் மனைவியும் தம் இல்வாழ்வுக் காலத்தில் ஈட்டுவது தேடிய தேட்டம்.

முதுசம் தானே வந்து சேர்வது. தேடிய தேட்டம் முயன்றால் மட்டுமே கைகூடுவது. இவ்வுரை எழுப்பும் வினா இதுவே: புலம்பெயர்ந்த குடும்பத்திற்கு அதன் மொழி முதுசமா, தேடிய தேட்டமா? அதன் நாடு முதுசமா, தேடிய தேட்டமா? இவ்வினாவுக்கு ஏட்டில் மட்டும் விடை காண இயலாது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இதனை வாழ்ந்தே பார்த்த ஒரு சமூகம் உண்டு. அதுவே பர்மியத் தமிழ்ச் சமூகம்.

இடமும் பெயரும்

மியன்மாவின் பெருநகரமாகிய யாங்கூனில், முன்னாளில் இரங்கூன் என வழங்கிய அந்நகரின் மையப் பகுதியை ஒட்டி, மிங்கலா தாங்ஞுன்ட் என்னும் நகரப் பிரிவு உள்ளது. நகரின் தலைமைத் தொடர்வண்டி நிலையம் இங்கேதான் இருக்கின்றது. 1877இல் பிரித்தானியர் அமைத்த பழைய நிலையம் இரண்டாம் உலகப் போரில் அழிந்தது. கட்டடக் கலைஞர் ஊ டின் அவர்களின் வரைவில், பர்மிய மரபின் அடுக்குக் கூரைகளோடு, 1954இல் இன்றைய கட்டடம் நிறைவுற்றது. ஆங் சான் விளையாட்டரங்கும், மொத்த வணிகத்திற்குப் பெயர் பெற்ற மிங்கலா சந்தையும் இப்பிரிவைச் சேர்ந்தவையே. கண்டோஜி ஏரி அருகில் உள்ளது. பர்மியரும் இந்திய வம்சாவளியினரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் இத்தகைய பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகின்றன.

ஊர்ப்பெயரின் முதற்சொல் தமிழர்க்குப் புதிதன்று. மிங்கலா என்பது பாலி மொழியின் மங்கல என்பதன் பர்மிய ஒலிப்பு, தமிழில் மங்கலம். தாங் என்பதற்குக் குன்று என்றும் தெற்கு என்றும் பொருள் உண்டு. ஞுன்ட் என்பது இளந்தளிர். மங்கலமும் தளிரும் சேர்ந்த பெயரைக் கொண்ட ஓர் ஊரில், ஒரு மொழி எவ்வாறு வாடியது, எவ்வாறு மீண்டும் துளிர்க்க முயல்கின்றது என்பதை அறிய மூன்று சொற்கள் துணைபுரியும். தேடு, நோக்கு, நாடு என்பன அவை. மூன்றும் ஒரே பொருளன போலத் தோன்றினும் ஒவ்வொன்றும் வேறு திசையில் செல்கின்றது.

தேடு: பொருளின் பின்னே சென்றவர்கள்

பர்மிய மொழியில் தேடு என்பதற்கு "ஷா" என்று பெயர். வியப்பு என்னவெனில், "ங்வே ஷா" என்றால் பணம் தேடு, அதாவது சம்பாதி. "சீப்வா ஷா" என்றால் பொருளீட்டு. தேடலையும் ஈட்டலையும் ஒரே சொல்லில் வைத்த இரு மொழியினர் ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் சந்தித்தனர்.

1852இல் பிரித்தானியர் கீழ்ப் பர்மாவைக் கைப்பற்றினர். 1869இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டது. பர்மிய அரிசிக்கு உலகச் சந்தை விரிந்தது. கழிமுகக் காடுகளைத் திருத்தி வயலாக்க உழவர்க்குக் கடன் தேவைப்பட்டது. அக்கடனைக் கொடுத்தவர்களுள் முதலிடம் செட்டிநாட்டு நகரத்தார்க்கு உரியது. இரங்கூனில் அன்று மொகல் தெரு எனவும் இன்று ஷ்வே பொன் தா தெரு எனவும் வழங்கும் வீதியில் அவர்களது கிட்டங்கிகள் இருந்தன. ஊரிலிருந்து வந்த மேலாள் பெரும்பாலும் மூன்றாண்டுக் காலம் தங்கிக் கணக்கை முடித்துவிட்டுத் திரும்புவார். மனைவி மக்கள் ஊரிலேயே இருப்பர். பர்மாத் தேக்கு கப்பலேறிக் காரைக்குடி வட்டாரத்து மாளிகைகளின் தூண்களாக நின்றது.

நகரத்தார் மட்டும் சென்றனர் என்று எண்ணுதல் பிழை. அவர்களைப் போலப் பன்மடங்கினர் வெறுங்கையோடு சென்றவர்கள். அரிசி ஆலைகளில் மூட்டை சுமந்தவர்கள், இருப்புப்பாதை இட்டவர்கள், துறைமுகத்தில் உழைத்தவர்கள், வீதிகளைத் துப்புரவு செய்தவர்கள் ஆகிய இவர்களுள் தமிழரும் தெலுங்கரும் ஒரியரும் அடங்குவர். 1931ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கின்படி பர்மாவில் வாழ்ந்த இந்தியர் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவர். இரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேல் இந்தியரே.

தேடுதல் என்னும் செயலுக்கு ஓர் இயல்பு உண்டு. தேடுகின்றவர் தமக்கு வேண்டியது இன்னது என்பதை முன்னரே முடிவு செய்துவிட்டார். அவர் கண் அதை மட்டுமே காணும். சுற்றியுள்ள வேறெதனையும் காணாது. பர்மாவில் நிகழ்ந்ததும் அதுவே. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியால் நெல் விலை சரிந்தது. உழவரால் கடனைக் கட்ட இயலவில்லை. ஈடாக வைத்த நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு மாறியது. கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடு நிலமே நகரத்தார் வசம் இருந்தது. 1938இல் அது 25 விழுக்காடு அளவுக்கு உயர்ந்தது.

நிலத்தை விரும்பி அவர்கள் வரவில்லை; கொடுத்த பணம் திரும்புவதையே விரும்பினர் என்பது மெய். ஆயினும் நிலத்தை இழந்த பர்மிய உழவர்க்கு இவ்வேறுபாடு ஆறுதல் தரவில்லை. ஒருவர் கணக்கேட்டில் தேட்டம் என்று எழுதப்பட்டது, மற்றவர் வீட்டில் இழப்பு என்று எழுதப்பட்டது. இதனை இன்றைய புலம்பெயர் தமிழர் மறைக்காமல் தம் பிள்ளைகளுக்குக் கூறுதல் வேண்டும். தன் இனத்தின் துயரை மட்டும் கற்கும் பிள்ளை வரலாற்றில் பாதியையே கற்கின்றது.

நோக்கு: வருவதைக் கண்டவர்களும் காணாதவர்களும்

இரண்டாவது சொல் நோக்கு. பார்ப்பது வேறு, நோக்குவது வேறு. கண்ணில் படுவதெல்லாம் பார்வை. கருத்தோடு பார்ப்பது நோக்கு. அதிலிருந்தே குறிக்கோளைச் சுட்டும் நோக்கம் என்னும் சொல் பிறந்தது. எதிரே வருவதைக் காணுதல் எதிர்நோக்குதல். பர்மிய மொழியில் "ஹ்மியோ" என்பது தொலைவை நோக்கிப் பார்த்தல். அதனடியாகப் பிறந்த "ஹ்மியோலின்" என்பதே நம்பிக்கை கொள் என்று பொருள்படும். காவற்கோபுரத்தின் பெயரும் அதே சொல்லை முதலாகக் கொண்டது. தொலைவைப் பார்ப்பவர்க்கே நம்பிக்கையும் எச்சரிக்கையும் உரியன என்று அம்மொழி கூறுவது போலும்.

எச்சரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1930 மே மாதத்தில் இரங்கூன் துறைமுகத் தொழிலாளரிடையே எழுந்த பூசல் இந்தியர்க்கு எதிரான கலவரமாக மாறியது. 1937 ஏப்ரல் முதல் நாள் பர்மா இந்தியாவினின்றும் தனியே பிரிக்கப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடியிலும் சென்னையிலும் இரங்கூனிலும் ஒருங்கே தொடங்கியிருந்தார். ஒருபுறம் எல்லைக்கோடு வரையப்பட்டுக்கொண்டிருந்தது. மறுபுறம் அக்கோட்டைக் கடந்து நிற்கும் என்னும் நம்பிக்கையோடு ஒரு வங்கி எழுந்தது. 1938இல் மீண்டும் கலவரம் மூண்டது.

1942இல் யப்பானியப் படை நெருங்கியபோது நான்கு முதல் ஐந்து இலட்சம் வரையிலான இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. கப்பலில் இடம் கிடைத்தவர் சிலரே. ஏனையோர் அரக்கான் மலைகளின் வழியாகவும், தாமு வழியாக மணிப்பூருக்கும், வடக்கே ஊக்கோங் பள்ளத்தாக்கின் வழியாகவும் நடந்தனர். பல்லாயிரவர் பசியாலும் காலராவாலும் மலைக்காய்ச்சலாலும் வழியிலேயே மடிந்தனர்.

போர் முடிந்ததும் பலர் திரும்பிச் சென்றனர். 1948 சனவரி 4ஆம் நாள் பர்மா விடுதலை பெற்றது. பிரித்தானியப் பேரரசின் எல்லைக்குள் பிறந்து, முந்திய பத்தாண்டுகளில் எட்டாண்டுகளேனும் பர்மாவில் வாழ்ந்து, அங்கேயே நிலைத்து வாழ எண்ணுவோர் குடியுரிமை வேண்டி விண்ணப்பிக்கலாம் என்று புதிய அரசியலமைப்பு இடமளித்தது. கதவு திறந்திருந்தது. ஆயினும் பலர் அதனுள் நுழையவில்லை. ஊரில் ஒரு கால், இரங்கூனில் ஒரு கால் என்று நின்றவர்க்கு எந்தக் காலை ஊன்றுவது என்று தெரியவில்லை. எழுத்தறியாத தொழிலாளியிடம் பத்தாண்டு வாழ்வை மெய்ப்பிக்கும் தாள் ஏதும் இல்லை. விண்ணப்பித்தவர்களிலும் பலர் ஆண்டுக்கணக்கில் முடிவுக்காகக் காத்திருந்தனர்.

1962 மார்ச்சு 2ஆம் நாள் படைத்தலைவர் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1963 பிப்ரவரியில் வங்கிகள் அரசுடைமையாயின. 1964 மார்ச்சில் இரங்கூனின் கடைகள் அரசுடைமையாயின. அதே ஆண்டு மே 17ஆம் நாள் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாதவை ஆக்கப்பட்டன. ஒரு தலைமுறையின் தேடிய தேட்டம், இரண்டு தலைமுறையின் முதுசம், மகளுக்கென்று எடுத்து வைத்த சீதனம் ஆகிய மூன்றும் ஒரே ஆண்டின் ஆணைகளில் அடங்கின. அதன்பின் சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ மூன்று இலட்சம் இந்தியர் நாட்டை விட்டு வெளியேறினர்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்துதல் கடன். அவர்கள் தொலைநோக்கு இல்லாதவர்கள், ஆகவே இழந்தார்கள் என்று எளிதாகத் தீர்ப்புக் கூறுதல் அறமன்று. கணக்கு எழுதுவதிலும் வரவு செலவை முன்கூட்டியே மதிப்பிடுவதிலும் நகரத்தாரை விஞ்சியோர் அக்காலத்தில் அரியர். அவர்களும் இழந்தனர். அன்றாடக் கூலி வாங்கிய தொழிலாளியும் இழந்தார். அரசு ஒன்று தன் குடிகளுள் ஒரு பகுதியினரை வேண்டாதவர் என்று முடிவு செய்துவிட்டால், தனியொருவரின் முன்னறிவு முழுக் காப்பாகாது. நோக்கு இன்றியமையாதது, ஆயினும் அது மட்டும் போதாது.

நாடு: சொல்லுக்குள் ஒரு வினா

மூன்றாவது சொல் நாடு. வினையாக வரும்போது இதற்குத் தேடு, ஆராய், விரும்பு, சென்று சேர் எனப் பல பொருள்கள் உண்டு. பெயராக வரும்போது தேயம். திருவள்ளுவர் இச்சொல்லை எத்துணை நுட்பமாகக் கையாண்டார் என்பதை இளையோர் திருக்குறளைத் திறந்தே காணலாம். தெரிந்துதெளிதல் என்னும் அதிகாரத்தில், 504ஆம் குறளில், ஒருவரின் குணத்தையும் குற்றத்தையும் ஆராய்ந்து, மிகுதியானதைக் கொண்டு அவரை மதிப்பிடுக என்கிறார். மருந்து அதிகாரத்தில், 948ஆம் குறளில், நோயையும் அதன் காரணத்தையும் அது தணியும் வழியையும் ஆராய்ந்து செய்க என்கிறார். இவ்விரு குறள்களிலும் "நாடி" என்னும் சொல் மும்மூன்று முறை வருகின்றது.

நாடு என்னும் அதிகாரத்தில் 739ஆம் குறள் இன்னும் சிறப்புடையது. ஏழே சீர்களில் ஐந்து முறை இச்சொல் ஒலிக்கின்றது. சில இடங்களில் பெயராக, சில இடங்களில் வினையாக. வருந்தித் தேடாமலேயே வளம் தருவதுதான் நாடு. தேடி முயன்றால் மட்டுமே வளம் தருவது நாடாகாது என்பது அதன் கருத்து.

இக்குறளைப் பர்மியத் தமிழர் வாழ்வோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சொந்த ஊரில் மழையும் வேலையும் போதாமையால் கடல் கடந்தனர். வள்ளுவர் வாக்கின்படி அவ்வூர் அவர்க்கு முழுமையான நாடாக இருக்கவில்லை. பர்மாவிலோ ஓயாது முயன்றே வளம் பெற்றனர். அதுவும் அவர்க்கு முழுமையான நாடாகவில்லை. 1964க்குப் பின் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியோரை அரசு "தாயகம் திரும்பியோர்" என்று பதிவு செய்தது. அவர்களுள் பலர் பர்மாவிலேயே பிறந்தவர்கள்; தமிழகத்தை அதற்குமுன் கண்ணால் கண்டதில்லை. ஒருபோதும் காணாத இடத்திற்கு எவ்வாறு ஒருவர் திரும்ப இயலும்? பதிவேட்டின் அச்சொல் அவர்கள் வாழ்வுக்குப் பொருந்தவில்லை.

அவர்கள் மீண்டும் தேடத் தொடங்கினர். சென்னைக் கடற்கரைச் சாலையில் 1969இல் பர்மா பசார் எழுந்தது. தமிழகத்தின் பல ஊர்களில் பர்மா காலனி என்னும் பெயரில் குடியிருப்புகள் தோன்றின. அத்தோ என்னும் பர்மிய நூடுல் உணவு சென்னைத் தெருவோரங்களில் நிலைபெற்றது. தமிழகத்தில் பர்மாக்காரர் என்றும், பர்மாவில் இந்தியர் என்றும் இவர்கள் அழைக்கப்பட்டனர். இரு நாடுகளிலும் இவர்கள் பெயருக்கு முன்னே இன்னொரு நாட்டின் பெயர் ஒட்டியே நின்றது.

வேறு சிலர் பர்மாவையே தம் நாடாக எண்ணினர். தமிழகத்தில் வாழ்வு அமையாமையால் வடகிழக்கே பயணம் செய்து, மணிப்பூர் வழியாக நடந்தே பர்மாவுக்குள் நுழைய முயன்றனர். எல்லையில் தடுக்கப்பட்டனர். முன்னே செல்லவும் இயலவில்லை. பின்னே செல்லவும் மனம் இல்லை. எல்லைச் சிற்றூராகிய மோரேயில் தங்கினர். அங்கே தமிழ்ச் சங்கம் நிறுவினர். அங்காள பரமேசுவரிக்குக் கோயில் எடுத்தனர். குக்கி, மெய்தேய், நேபாளி மக்களோடு சேர்ந்து வணிகம் செய்தனர். 1942இல் அகதிகள் மணிப்பூருக்குள் நடந்த தாமு வழியும் மோரேயும் எல்லையின் இருபுறத்து அண்டை ஊர்களே. 2023 மே மாதத்தில் மணிப்பூரில் வெடித்த வன்முறை மோரேயையும் தாக்கியது. நாடு என்னும் சொல்லின் வினைப்பொருளையும் பெயர்ப்பொருளையும் ஒருங்கே விளக்கும் ஊர் ஒன்று உண்டெனில் அது மோரேதான்.

முதுசம் என்று நம்பியது

யாங்கூனிலேயே தங்கிவிட்டவர்களின் நிலை என்ன? அவர்களது வரலாறே இவ்வுரையின் மையம்.

போருக்கு முன்னரும் அதற்குப் பின் சில ஆண்டுகளும் பர்மாவில் தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. தமிழ் அச்சகங்களும் இதழ்களும் இருந்தன. தமிழ் அங்கே பாதுகாப்பாக உள்ளது என்று பெற்றோர் நம்பினர். பள்ளி கற்பிக்கின்றது, இதழ் வருகின்றது, கோயிலில் திருவிழா நடைபெறுகின்றது. வேறு என்ன வேண்டும்? மொழி முதுசம் போலத் தானே அடுத்த தலைமுறைக்குச் சேர்ந்துவிடும் என்று இருந்தனர். 1960களின் நடுப்பகுதியில் தனியார் பள்ளிகள் அரசுடைமையாயின. தமிழ் வழிக் கல்வி நின்றது. இதழ்கள் மறைந்தன. ஒரு தலைமுறை தமிழைப் பேசியது, ஆனால் எழுதக் கற்கவில்லை. அதற்கடுத்த தலைமுறைக்குப் பேச்சும் தேய்ந்தது. வீட்டில் பர்மியம், வீதியில் பர்மியம், கோயிலில் மட்டும் சில தமிழ்ச் சொற்கள் என்றாயிற்று.

1982ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இன்னொரு சுமையை ஏற்றியது. 1823ஆம் ஆண்டுக்கு முன்பே பர்மாவில் குடியிருந்த இனத்தவரே இயல்பான முழுக் குடிமக்கள் என்று அச்சட்டம் வகுத்தது. முதல் ஆங்கிலேய பர்மியப் போர் 1824இல் தொடங்கியது என்பதை நினைவுகூர்ந்தால், அவ்வாண்டு ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது விளங்கும். ஏனையோர் இணைக் குடிமக்கள், இயல்புரிமை பெற்ற குடிமக்கள் என்னும் பிரிவுகளில் அடங்கினர். ஒவ்வொரு பிரிவுக்கும் வெவ்வேறு நிற அட்டை. தாத்தா எப்போது வந்தார் என்பதைக் காட்டும் ஒரு தாள் பேரனின் அட்டை நிறத்தை முடிவு செய்தது. இந்நிலையில் பிள்ளைக்கு வீட்டில் ஒரு தமிழ்ப் பெயரும் பள்ளியில் ஒரு பர்மியப் பெயரும் இடுவது பல குடும்பங்களில் வழக்கமாயிற்று.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. யாங்கூனிலும், மோன் மாநிலம், பாகோ போன்ற தமிழர் வாழும் பிற பகுதிகளிலும் கோயில்களைச் சார்ந்து தமிழ் வகுப்புகள் நடைபெற்று வந்துள்ளன. தாமே முழுமையாகக் கற்காத பெற்றோர், பிள்ளைகளை அகர வரிசையின் முன்னே அமர்த்தினர். 2021 பிப்ரவரி முதல் நாள் நிகழ்ந்த படைப்புரட்சிக்குப் பின் அந்நாட்டில் அன்றாட வாழ்வே கடினமாகிவிட்டது. அந்நிலையில் ஒரு சிறுவன் அகர எழுத்தை வரைவது எளிய செயலன்று. அவனுக்கு அம்மொழியால் வேலை கிடைக்கப்போவதில்லை, மதிப்பெண் கூடப்போவதில்லை, அட்டையின் நிறம் மாறப்போவதில்லை. ஆயினும் கற்கின்றான். அதுவே நாடுதல், விரும்பி, ஆராய்ந்து, சென்று சேர்தல். பாட்டனுக்கு முதுசமாக இருந்தது பேரனுக்குத் தேடிய தேட்டமாகிவிட்டது.

புலம்பெயர் வீடுகளில் எழும் வினா

இப்போது இவ்வரலாற்றை உங்கள் வீட்டு முற்றத்திற்குக் கொண்டு வாருங்கள். கனடாவிலோ பிரித்தானியாவிலோ செர்மனியிலோ ஆத்திரேலியாவிலோ வாழும் தமிழ்ப் பெற்றோர் பெரும்பாலும் தேடியவர்கள்; பாதுகாப்பைத் தேடினர், வேலையைத் தேடினர், பிள்ளைகளின் கல்வியைத் தேடினர். அவர்களின் தேடல் வீண்போகவில்லை. பிள்ளைகள் நோக்குகின்றவர்கள், எந்தப் பட்டம், எந்தத் துறை, எந்த ஊர் என்று முன்னோக்கிப் பார்க்கப் பழக்கப்பட்டவர்கள். தேடலும் உண்டு, நோக்கும் உண்டு. நாடல் உண்டா?

வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, வாகனத்திலேயே காத்திருக்கும் பெற்றோர் பலர். பள்ளி பார்த்துக்கொள்ளும் என்பது அவர்கள் எண்ணம். பர்மியப் பெற்றோரும் அவ்வாறே எண்ணினர். ஆணை ஒன்று வந்தது, பள்ளி போயிற்று, அதனோடு மொழியும் போயிற்று. பள்ளி தேவையில்லை என்பது இதன் கருத்தன்று. பள்ளியில் மட்டும் வாழும் மொழி பள்ளியோடு மறையும். உணவு மேசையில் வாழும் மொழியை எந்த ஆணையும் எட்டாது. ஆயின் உணவு மேசையிலும் அது தானே முளைப்பதில்லை. அதற்கு நேரமும் பொறுமையும் செலவிட வேண்டும். பிள்ளையின் பிழையான தமிழைக் கேட்டு நகையாமல் இருக்க வேண்டும்.

நடைமுறையில் செய்யத்தக்கவை சில உண்டு.

முதலாவது, தாள்கள். பிறப்புச் சான்று, பழைய கடவுச்சீட்டு, நிலப் பத்திரம், பள்ளிச் சான்று ஆகியவற்றை வரிசைப்படுத்திப் படியெடுத்து, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வையுங்கள். ஒரு தாள் இல்லாமையால் மூன்று தலைமுறைகள் துன்புற்றதைப் பர்மா காட்டியுள்ளது.

இரண்டாவது, குரல்கள். வீட்டில் உள்ள தாத்தாவும் பாட்டியும் எவ்வூரில் பிறந்தனர், எவ்வழியாக வந்தனர் என்பதை அவர்கள் வாயாலேயே ஒலிப்பதிவு செய்யுங்கள். தொலைபேசி ஒன்றே போதும். வினாக்களைப் பேரப்பிள்ளைகளே கேட்கட்டும், தமிழில் கேட்கட்டும். தேடுபொறியில் கிடைக்காத விடைகள் அவை.

மூன்றாவது, அயலார். வாழும் நாட்டின் மொழியையும் வரலாற்றையும் வேலைக்காக மட்டும் கற்காமல், அம்மக்களின் இன்ப துன்பங்களை அறியவும் கற்றல் வேண்டும். தேடும்போது அருகில் இருப்பவர் இழக்கின்றாரா என்று நோக்குதல் வேண்டும். பர்மிய உழவரின் கடன் ஏடு இதனைக் கற்பிக்கின்றது. குடியுரிமை பெற்ற நாட்டில் வாக்களித்தலும், ஊர் மன்றங்களில் பங்கேற்றலும், அயலார்க்கு இடர் நேரும்போது உடன் நிற்றலும் அந்நாட்டை நாடுதலே ஆகும்.

இளையோர்க்கு ஒரு சொல். "நீ எந்த நாடு?" என்று பள்ளியிலும் பணியிடத்திலும் உங்களைக் கேட்பார்கள். சிலர் ஆவலோடு கேட்பர். சிலர் அயன்மையைச் சுட்டிக் கேட்பர். ஒரே பெயரால் விடை கூற இயலவில்லையே என்று நாணவேண்டியதில்லை. பெற்றோர் விட்டு வந்த நாடு ஒன்று, நீங்கள் பிறந்து வளர்ந்த நாடு ஒன்று. இரண்டில் எதுவும் முதுசமாக முழுமையாக உங்கள் கைக்கு வரவில்லை. ஆகவே இரண்டையும் நாடிப் பெறும் உரிமையும் கடமையும் உங்களுக்கு உண்டு. தமிழ்மொழியில் நாடு என்பது வரைபடத்தில் உள்ள நிலத்தின் பெயர் மட்டுமன்று. அது ஒரு ஏவல் வினையும்கூட. "நாடு" என்றால் "நீ தேடு, நீ ஆராய், நீ விரும்பிச் சென்று சேர்" என்று அது உங்களைப் பார்த்துக் கூறுகின்றது.

தேடியதை ஓர் அரசாணை பறிக்கலாம், 1964இல் பறித்தது. நோக்கியது பொய்த்துப் போகலாம்; 1937இல் பொய்த்தது. நாடியது கற்றவர் நெஞ்சில் இருப்பதால் அதனைக் கைப்பற்ற எந்தப் படைக்கும் வழியில்லை. ஆயின் அதற்கும் ஒரு பகை உண்டு. அது வெளியிலிருந்து வருவதன்று. முதுசம்தானே, தானாக வரும் என்று இருந்துவிடும் அயர்வே அப்பகை.

இன்றிரவு வீடு திரும்பியதும் பிள்ளையிடம் ஒரு வினாவைத் தமிழில் கேளுங்கள். விடை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ வந்தால் சினவாதீர்கள். மறுபடியும் தமிழில் கேளுங்கள். நாளையும் கேளுங்கள்.

வாழிய செந்தமிழ்!